ஊருக்குப் போய் வந்தவரின் காய்ச்சல்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போக நம் தோட்டத்தில் பலர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சிலர் அங்கிருந்து காங்கேசன்துறையில் கப்பலேறி, நாகப்பட்டினம் போய்ச் சொந்தக்காரரையும் பார்த்துவர நினைக்கிறார்கள். சந்தோஷம். "வடக்கில் மலேரியா இருக்கிறதாமே, மாத்திரை போடணுமா?" என்று மாதர் சங்கத்தில் கேட்டார்கள். அதற்கு என் பதில் இது.

யாழ்ப்பாணம் மட்டும் போகிறவருக்கு மலேரியா மாத்திரை தேவையில்லை. நம் நாட்டுக்குள்ளேயே பரவிய மலேரியா கடைசியாக 2012 ஒக்டோபரில் காணப்பட்டது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது.

ஆனால் நுளம்பு போய்விடவில்லை. அதே 2016இல் இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் ஒரு புதுவகை நுளம்பு மன்னாரில் பிடிபட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இது கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் முட்டையிடும். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. நுளம்பு இருக்கிறது, கிருமிதான் இல்லை. அந்தக் கிருமியைக் கொண்டுவரக் கூடியவர்கள் பயணம் போய் வருகிற நாம்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2018 கடைசியில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் உடம்பிலிருந்த கிருமி, நுளம்பு வழியாக மொனராகலையில் இன்னொருவருக்குத் தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் பரவவில்லை. அசட்டையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 1963இல் நாடு முழுவதும் 17 பேருக்குத்தான் மலேரியா. மருந்தடிப்பும் இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தன. 1969இல் அது 5 லட்சத்தைத் தாண்டியது.

ஆகவே இந்தியா, ஆபிரிக்கா போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே மலேரியா தடை இயக்கத்தின் பணிமனையிலோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். போகும் இடத்தைப் பொறுத்துத்தான் மாத்திரை தேவையா, எந்த மாத்திரை என்று சொல்வார்கள். அது இலவசம். கர்ப்பிணிகளும் பிள்ளைகளோடு போகிறவர்களும் அதை முதலிலேயே சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும், சொன்ன நாள் முடியும்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது. மலேரியா நுளம்பு பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும். அந்த நேரத்தில் கை, கால் மூடிய உடுப்பு போடுங்கள், வலைக்குள் படுங்கள். யாழ்ப்பாணத்தில் டெங்கும் இருக்கிறது. அந்த நுளம்பு பகலில் கடிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

திரும்பி வந்த பிறகுதான் முக்கியமான விஷயம். நம் மலையில் குளிர் அதிகம், மலேரியா அபூர்வம். அதனால் காய்ச்சலென்று டிஸ்பென்சரிக்குப் போனால் யாருக்கும் சட்டென்று மலேரியா ஞாபகம் வராது. ஞாபகப்படுத்த வேண்டியது நீங்கள். "நான் இன்ன ஊருக்குப் போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு வகை மலேரியா சில நாளிலேயே உயிரைப் பறிக்கும். இன்னொரு வகை ஈரலில் ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்து வரும். ஆகவே வந்து ஒரு வருடம்வரை எந்தக் காய்ச்சலுக்கும் இதைச் சொல்லுங்கள். பரசிட்டமோல் சூட்டைக் குறைக்கும், கிருமியைக் கொல்லாது.

பேர் போய்விடும் என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. அந்த ஒரு நாள் சம்பளத்தின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் மறைத்தால் ஆபத்து உங்களோடு நிற்காது, லயத்துக்கே வரும். காய்ச்சலோடு மலை ஏறச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். பேசுவது சங்கத்தின் பொறுப்பு.

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தபோது காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்து செத்தவர்கள் ஏராளம். அவர்களுக்கு மாத்திரையும் இல்லை, கேட்க நாதியும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு. போய் வாருங்கள், சுகமாகத் திரும்பி வாருங்கள்.