ஆராய்ச்சிக்கு வரிச் சலுகை: சிறு பட்டறைக்கும் பங்கு உண்டா?



மும்பை மாநகரில் நம்மவர் வளர்த்த தொழில்களுள் தாராவித் தோல் தொழில் குறிப்பிடத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தமிழகத்திலிருந்து வந்தோர் அதில் ஈடுபட்டனர். கைத்திறன் நம்மிடம் நிறைய உண்டு. ஆனால் ஆராய்ச்சியின் துணையின்றிக் கைத்திறன் மட்டும் நெடுநாள் நில்லாது. கழிவு நீரைக் குறைக்கும் பதனீட்டு முறையையோ உறுதியான ஒட்டுப் பசையையோ காணச் சோதனை வேண்டும்; சோதனைக்குப் பணம் வேண்டும். பத்துச் சோதனைகளில் ஒன்பது வீணாகவும் கூடும். வென்ற ஒன்றையோ, அடுத்த பட்டறைக்காரர் எளிதில் பார்த்துச் செய்துவிடுவார். ஆகவே தனியொருவர் துணியத் தயங்குகிறார். அத்தயக்கத்தைப் போக்கவே அரசாங்கங்கள் வரிச் சலுகை அளிக்கின்றன.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தொழில் சார்ந்த ஆராய்ச்சிச் செலவை வருமானத்திலிருந்து கழிக்க இடம் தந்தது. அங்கீகாரம் பெற்ற சொந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கம்பெனிகள் செய்த செலவுக்கு 2010ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் இருமடங்குக் கழிவு வழங்கியது. 100 ரூபாய் செலவிட்டால் 200 ரூபாய் கழியும். வரி 30 விழுக்காடாயின் 60 ரூபாய் மிச்சம். இக்கழிவு 2017இல் 150 விழுக்காடாகவும், 2020இல் 100 விழுக்காடாகவும் குறைக்கப்பட்டது.

சலுகையென்பது அரசு விட்டுக்கொடுக்கும் பொதுப் பணமே. சாதாரணச் செலவை ஆராய்ச்சியென்று எழுதுவோர்க்கு அது போய்ச் சேரலாகாது. ஆதலால் குறைத்ததை நாம் குறை கூறவில்லை. நம் கவலை வேறு. அந்த மிகைக் கழிவு கம்பெனிகளுக்கே உரியதாயிருந்தது. தனியொருவர் நடத்தும் பட்டறைக்கும் பங்காளிகள் நடத்தும் பட்டறைக்கும் கிட்டவில்லை. மேலும், இலாபமில்லாத ஆண்டில் வரியே இல்லையெனில், கழிவால் அவ்வாண்டில் பயன் யாது? கனடாவில் தகுதியுள்ள சிறு நிறுவனம், வரி செலுத்த வேண்டாத ஆண்டிலும் சலுகையைப் பணமாகவே பெற வழியுண்டு. அத்தகைய வழி இங்கும் வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்கலாமா? 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத் துறையாகத் தோன்றிய வேதித் தொழில்நுட்ப நிறுவனம் நம் மாதுங்காவிலேயே இருக்கிறது. 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் இருக்கிறது. பட்டறைக்காரர் பத்துப் பேர் சேர்ந்து சோதனைச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அதைத் தனிப் பேரேட்டில் எழுதி வைக்கலாம். மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் கணக்கர்களும், வேதியியல் கற்ற இளைஞர்களும் மாதம் ஒரு மாலைப்பொழுதை அவர்களுக்கு அளிக்கலாம். கணக்கில் ஏறாத ஆராய்ச்சிக்கு எந்தச் சட்டமும் சலுகை தாராது.

கல்வி ஒரு தெருவிலும் கைத்திறன் மறு தெருவிலுமாக நாம் பிரிந்து வாழ்தல் அழகன்று. இரண்டையும் சேர்த்துவைப்பது இச்சங்கத்தின் கடமை.