பெயர் எழுதாத கற்கள்
(ஜூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலிக் கல்வெட்டில் தங்கள் பெயர் இடம்பெறவில்லையே என்று சிலர் மனவருத்தம் கொண்டிருப்பதை நாம் அறிவோம். ஆகவே இன்று ஒரு பாலத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

திருநெல்வேலிக்குப் போனவர்கள் தாமிரபரணியின் மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தைக் கண்டிருப்பீர்கள். முற்காலத்தில் நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையே ஆற்றைக் கடக்கப் படகையே நம்ப வேண்டியிருந்தது. வெள்ளம் வந்துவிட்டால் அக்கரையில் இருப்பவன் அக்கரையிலேயே! பாலம் கட்டக் கலெக்டர் தாமஸ் முற்பட்டார்; காப்டன் பேபர் வரைபடம் தந்தார். செலவோ ஏறத்தாழ அரை லட்சம் ரூபாய். அக்காலத்தில் அது மலை போன்ற தொகை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அச்செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். 1843-ல் பாலம் திறக்கப்பட்டது. ஆகவே அது அவர் பெயரைத் தாங்கி நிற்பது நியாயமே.

ஆனால் பாலத்தைத் தாங்கி நிற்பது எது? அதற்கு 11 வளைவுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 60 அடி. அக்காலத்து வளைவுப் பாலங்களைக் கட்டும் முறையைக் கேளுங்கள். முதலில் மரத்தால் சாரம் கட்டுவர். அதன்மேல் ஆப்பு வடிவக் கற்களை இரு பக்கமிருந்தும் அடுக்கி வருவர். உச்சியில் நடுக்கல் இறங்கிய பின்பே சாரத்தைப் பிரிப்பர். ஒவ்வொரு கல்லும் கீழே விழத்தான் பார்க்கிறது; பக்கத்துக் கல் அதை விடுவதில்லை. மேலே வண்டி ஏற ஏற, கற்கள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. பாரம் தூணுக்கு இறங்கி, தூணிலிருந்து பூமிக்குப் போகிறது. அந்தக் கற்களில் யார் பெயரும் இல்லை. ஒன்றை உருவினாலோ வளைவே சரியும்.

1869-ல் பெருவெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை அடித்துச் சென்றது. 1871-ல் மீண்டும் கட்டி முடித்தார்கள். கட்டிக் கொடுத்தவரை ஊர் அறியும். உடைந்ததைத் தூக்கி நிறுத்திய கொத்தனை யார் அறிவார்?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வயலுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையும் கல்லாலும் சுண்ணாம்புச் சுர்க்கியாலும் எழுந்ததே. அது 1895-ல் திறக்கப்பட்டது. பென்னிகுயிக் துரையின் பெயரை நம் பிள்ளைகளுக்கும் சூட்டுகிறோம். நல்லதே. ஆனால் அந்தக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட கூலியாட்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயர் சொல்லி நாம் யாரைக் கூப்பிடுகிறோம்?

இலத்தீன் மொழியில் பாப்பரசரைப் 'பொந்திபெக்ஸ்' என்பர். 'பாலம் கட்டுகிறவர்' என்பது அதன் பொருள். இராயப்பரின் பெயர் விளங்கும் ஊரில் வாழும் நமக்கும் அந்த வேலையில் பங்கு உண்டு.

ஆகவே ஒன்று சொல்லி முடிக்கிறோம். பங்குத் தந்தையாகிய நமது பெயரைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம் என்று விழாக் குழுவினரிடம் தெரிவித்துவிட்டோம். கொடுத்தவர்களுக்கு நம் நன்றி என்றும் உண்டு. பெயர் விடுபட்டவர்களோ மனம் நோக வேண்டாம். அடுத்த ஜூபிலிக்குள் எந்த வெள்ளம் வருமோ, எந்த வளைவு சரியுமோ, யார் கண்டார்? அன்றைக்குத் தேவைப்படுவது சாந்துச் சட்டியோடு வந்து நிற்கும் ஆட்களே.