எந்த நூல்? எந்தப் பக்கம்?

(கிராம வாசிகசாலையொன்றின் ஆண்டு விழாவிலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



முதலில் என் குற்றமொன்றை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையிலே, "ஆண்டுதோறும் பத்துக் கோடி உரோம நாணயம் தமிழகத்துக்குப் போகின்றதே என்று பிளினி என்னும் உரோமப் பேரறிஞர் புலம்பினார்" என்று முழங்கினேன். கரகோஷத்துக்குக் குறைவில்லை. கூட்டம் கலைந்த பின் தோட்டஞ் செய்யும் முதியவர் ஒருவர் என்னருகே வந்தார். "தம்பி, அந்த மனிதர் அதை எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்?" என்று கேட்டார். நான் விழித்தேன். யாரோ எழுதியதை வேறு யாரோ எடுத்தெழுத, அதையே நான் வாசித்திருந்தேன்.

காணி வழக்குக்காக நீதிமன்றப் படி ஏறியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். "எல்லை அந்தப் பனையடி வரைக்கும் என்று என் பாட்டனார் சொன்னார்" என்றால் நீதிபதி ஏற்பாரா? உறுதி எங்கே, தோம்பு எங்கே என்றல்லவா கேட்பார்? எதிர்த்தரப்புச் சாட்சி, பிறர் சொல்லக் கேட்டதைச் சொன்னால் துள்ளியெழுந்து ஆட்சேபிக்கும் நான், மேடையில் அதையே செய்துவிட்டேன்.

அந்த வெட்கம் என்னைப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றுக்கு இழுத்துச் சென்றது. அங்கு நான் மாணவனல்லன். வெளி வாசகனாக அனுமதி கோரிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், அனுமதி கிடைத்தது. பண்டைய உரோம, கிரேக்க நூல்களுக்கெனச் சில தட்டுகள் இருந்தன. 1912 முதல் வெளிவரும் லோப் வரிசை நூல்கள் அவை. சிவப்பு அட்டை இலத்தீனுக்கு, பச்சை அட்டை கிரேக்கத்துக்கு. இடப்பக்கத்தில் மூலம், வலப்பக்கத்தில் ஆங்கிலம். உரோம-ஒல்லாந்தச் சட்டம் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டொரு இலத்தீன் சொற்களே என் கைமுதல். ஆயினும் ஆங்கிலத்தை வாசித்து, ஐயம் எழுமிடத்து இடப்பக்கத்தைப் பார்க்க அதுவே போதும்.

பிளினியின் இயற்கை வரலாறு 37 பாகங்களைக் கொண்டது. முதற் பாகம் முழுவதும் பொருளடக்கமே. ஒவ்வொரு பாகத்துக்கும் தாம் யார் யாருடைய நூல்களைப் பயன்படுத்தினார் என்று பெயர் பெயராக அதிலே அவர் எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அம்மனிதர் தம் சான்றுகளைக் காட்டியிருக்க, நான் அவருடைய நூலைத் திறந்துகூடப் பாராமல் அவரையே சான்று காட்டினேன்!

தேடியதில் கண்டது யாது? ஆறாம் பாகம், 101 ஆம் பிரிவு: இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்ஸ் நாணயத்தை ஈர்த்துக்கொள்கிறது. பன்னிரண்டாம் பாகம், 84 ஆம் பிரிவு: இந்தியா, சீனர் நாடு, அராபியா மூன்றும் சேர்ந்து எடுப்பது பத்துக் கோடி. இரண்டு இடத்திலும் தமிழகம் என்ற பேச்சே இல்லை. மூவர் பங்கை ஒருவர் பெயரில் எழுதிவிட்டேன். காணி உறுதியில் இப்படிச் செய்தால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே ஆறாம் பாகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது நான் தேடாத செல்வம் கிடைத்தது. முசிறி வருகிறது, பாண்டியன் வருகிறான், உள்நாட்டில் அவன் நகராகிய மதுரை வருகிறது, மிளகை ஒற்றை மரத் தோணியில் கொண்டுவருவதும் வருகிறது. முசிறி இறங்குவதற்கு உகந்த துறையன்று, அருகே கடற்கொள்ளையர் உளர், கப்பல் கரைக்குத் தொலைவில் நிற்கவேண்டும் என்றும் பிளினி எழுதுகிறார். இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

முசிறியைத் தொடர்ந்து சென்றேன். வியன்னா நகரிலுள்ள ஒஸ்திரிய தேசிய நூலகத்தில், கி. பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பாப்பிரசுத் தாள் ஒன்று உண்டு. 1985 இல் ஹராவர், சைப்பெஸ்டைன் என்னும் இருவர் அதை வெளியிட்டனர். அது தட்டில் நிற்கும் நூலிலே இல்லை, ஆராய்ச்சிச் சஞ்சிகையிலே இருக்கிறது. நூலகர் வேறொரு நூலகத்துக்கு எழுதிப் பிரதி வரவழைத்தார். அவர்கள் எழுதியது ஜேர்மன் மொழியில். லயனல் காசன் 1990 இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை எனக்குக் கைகொடுத்தது.

அது என்ன தெரியுமா? கடன் பத்திரம்! என் தொழிலுக்கு நன்கு பழகிய சரக்கு. கடன் வாங்கிய வணிகன் உறுதி கூறுகிறான்: செங்கடற் கரையில் இறங்கிய பொருளை நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பேன், காவலோடு பாலைவனம் கடந்து கொப்தொஸ் சேர்ப்பேன், நைல் நதி வழியே அலெக்சாந்திரியாவின் வரிக் கிட்டங்கிக்குக் கொண்டுசென்று, உம்முடைய முத்திரையின் கீழ் வைப்பேன், தவணையில் கடன் தீராவிடில் ஈட்டை நீர் எடுத்துக்கொள்ளலாம். நாலில் ஒரு பங்கு வரி. மறுபக்கத்தில் ஹெர்மப்பொல்லோன் என்னும் கப்பலின் சரக்குக் கணக்கு: நளதம், யானைத் தந்தம், தொகை 1154 தாலந்துக்கு மேல். ஒரு தாலந்து 6000 திரக்மா.

இங்கும் அவசரப்படக் கூடாது. தாளின் தொடக்கம் சிதைந்துவிட்டது, கட்சிக்காரர் பெயர்கள் இல்லை. பத்திரம் முசிறியில் எழுதப்பட்டது என்பாரும், அலெக்சாந்திரியாவில் எழுதப்பட்டது என்பாரும் உளர். எஞ்சிய பகுதியில் மிளகு என்ற சொல்லும் இல்லை. முசிறிக்கு யவனர் கலம் பொன்னொடு வந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149 ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் சொல்கிறார். அவரையும் பிளினியையும் இந்தப் பத்திரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத மூன்று சாட்சிகள் ஒரே துறைமுகத்தைச் சுட்டுகிறார்கள். எந்த வழக்கறிஞனும் இதற்குமேல் கேட்கமாட்டான். என்னுடைய பத்துக் கோடி இதற்குத் தேவையே இல்லை.

அந்த முதியவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் மாறிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று முழுவதும் கேட்டார். "அந்தத் தாளை நாங்களும் பார்க்க முடியாதா?" என்றார்.

அவருக்காக எடுத்த பிரதிகளை, பிளினியின் இரண்டு பகுதிகளோடு, இவ்வாசிகசாலைச் செயலாளரிடம் இன்று ஒப்படைத்திருக்கிறேன். பக்க எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. நான் சொன்னதில் பிழை காண்பவர் அவரிடம் எழுதிக் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் அதை நானே வாசிக்கிறேன்.