காளானும் கண்மூடி வழக்கமும்
(திருவண்ணாமலையில் பேசியதன் சாரம்)



மழை விழுந்ததும் புற்றடியில் முளைக்கும் காளானைப் பறித்துக் குழம்பு வைப்பவனை ஏளனமாய்ப் பார்க்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. இதற்குத் துணை நிற்பது எது? மனுதர்மம் 5-வது அத்தியாயம் 5-வது சுலோகம், துவிஜருக்கு ஆகாதவை என்று பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் சேர்த்திருக்கிறது. 19-வது சுலோகம், தெரிந்தே தின்றவன் பதிதனாவான் என்கிறது. அங்கே விஷம் என்றோ, சத்தில்லை என்றோ ஒரு வார்த்தையாவது உண்டா? யாருக்கோ எழுதிவைத்த தடைக்கு நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

புற்றைக் கட்டியது பாம்பல்ல, கறையான். இலை சருகுகளைக் கொண்டுபோய் உள்ளே காளானைப் பயிர் செய்வதும் அதுவே. நம் ஜனங்களோ குடிபுகுந்த பாம்புக்குப் பாலை ஊற்றிவிட்டு, உழைத்த கறையான் விளைவித்த ஆகாரத்தைக் கேவலம் என்கிறார்கள்!

சத்து எவ்வளவு? மிகைப்படுத்த வேண்டாம். பச்சைக் காளானில் 100க்குச் சுமார் 90 பங்கு தண்ணீர். புரதம் 2 முதல் 4 பங்குதான். ஆகவே மாமிசத்துக்குச் சமம் என்பது சரியல்ல. ஆனால் உலர்த்தினால் பல வகைகளில் புரதம் 20 பங்குக்கு மேலாகும். அது பருப்புக்கு ஈடு. கொழுப்பு சொற்பம். பி வைட்டமின்கள் உண்டு. வெயிலில் காயவைத்தால் டி வைட்டமினும் உண்டாகிறது.

இனிச் சொல்வதைக் கவனமாய்க் கேளுங்கள். சாஸ்திரத்தை நம்பாதவன் பாட்டி வைத்தியச் சோதனையையும் நம்பக்கூடாது. வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது, பூச்சி தின்றிருந்தால் நல்லது என்பதெல்லாம் பொய். சில விஷங்கள் கொதிக்க வைத்தாலும் போகா. தின்று 6 மணிக்கு மேல் கழித்தே வாந்தி பேதி கண்டு, பிறகு ஈரலை அழித்து ஆளைக் கொல்பவையும் உண்டு. ஆகையால் இனத்தைத் தீர்மானமாய் அறிந்தவர் காட்டாத காளானைத் தொடாதீர்கள். தின்றபின் சந்தேகம் வந்தால் மந்திரிக்க ஓடாமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

காட்டுக் காளானை அறியாதவர் வைக்கோலில் சிப்பிக் காளான் வளர்க்கலாம். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, எது ஆகாரம், எது விஷம் என்பதைச் சுலோகமும் சொல்லாது, வெள்ளிக்காசும் சொல்லாது. அறிவுதான் சொல்லும். நாம் சொல்வதையும் அப்படியே நம்பாமல், விசாரித்துத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள்.