கருவி வாங்கலாம், கற்றுக்கொடுக்க யார் இருக்கிறார்?

(தொடக்கப் பள்ளி நிர்வாகிகளும் வணிகர்களும் கூடிய கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொடக்கப் பள்ளி நடத்துகின்ற அறக்கட்டளைகளுக்கு இன்று ஒரு புதுக் கவலை வந்திருக்கிறது. "பக்கத்துப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு மாட்டிவிட்டார்கள், நம் பள்ளியில் எப்போது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். உடனே ரசீதுப் புத்தகத்தோடு நிர்வாகிகள் கடைத்தெருவுக்கு வருகிறார்கள். நீங்களும் மனமுவந்து கொடுக்கிறீர்கள்.

பெற்றோர் ஆசைப்படுவது நியாயம்தான். படம் அசைகிறது, ஒலி வருகிறது, பிள்ளை தொட்டால் திரை பதில் சொல்கிறது. தவறு செய்தால் பிரம்பு எடுக்காமல் "மறுபடி முயன்று பார்" என்கிறது. கரும்பலகை செய்ய முடியாத வேலை இது. ஆனால் வாங்கி மாட்டிவிட்டால் மட்டும் பிள்ளை படித்துவிடுமா? இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்த விடை இருக்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

பெட்டி பிரிக்காத கம்ப்யூட்டர்கள்

குஜராத் மாநிலத்தின் வதோதரா நகரம். 2000ஆம் ஆண்டில் மாநில அரசு அங்குள்ள 100 மாநகராட்சிப் பள்ளிகளுக்குத் தலா நான்கு கம்ப்யூட்டர்களை வழங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002இல் 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் போய்ப் பார்த்தது. பெரும்பாலான பள்ளிகளில் அவை பெட்டிக்குள்ளேயே கிடந்தன! காரணம் என்ன? இயக்கத் தெரிந்த ஆள் இல்லை.

வணிகர்களே, கிட்டங்கியில் அடுக்கிய சரக்கு லாபமாகுமா? கல்லாவுக்குப் பணம் வர, கடையில் ஆள் நின்று விற்க வேண்டாமா? பள்ளிக்கும் அதே கணக்குத்தான்.

பிரதம் புதிதாக இயந்திரம் வாங்கவில்லை. உள்ளூர் இளைஞர்களைப் பொறுக்கியெடுத்து ஐந்து நாள் பயிற்சி கொடுத்து அனுப்பியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கம்ப்யூட்டருக்கு இருவராக உட்கார்ந்து, வாரத்துக்கு இரண்டே மணி நேரம் கணக்கு விளையாட்டு ஆடினார்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த நிலை விளையாட்டு பொருந்தும் என்று பார்த்துக் கொடுப்பதும், திணறும் பிள்ளைக்கு அருகில் போய் உதவுவதும் அந்த இளைஞர்களின் வேலை.

பலன் என்ன? நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் கீழிருந்து மேலாக நிறுத்துங்கள். நடுவில் 50ஆவதாக நிற்கும் பிள்ளை, முதல் ஆண்டில் ஏறத்தாழ 64ஆவது இடத்துக்கு ஏறும் அளவு கணக்கில் முன்னேற்றம். அடுத்த ஆண்டு ஏறத்தாழ 68ஆவது இடம்! இதை அளந்து 2007இல் வெளியிட்டவர்களில் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

மறுபக்கமும் உண்டு

மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டம் நின்று ஓராண்டு கழித்துச் சோதித்தபோது அந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது. ஓராண்டு கொடுத்துவிட்டு நிறுத்தினால் பயன் நிலைக்காது என்பது இதில் உள்ள பாடம்.

இன்னொரு பாடம் அதைவிட முக்கியமானது. அதே குஜராத்தில் 'கியான் சாலா' என்ற நிறுவனத்தின் இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் கணக்கு மென்பொருளை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தார்கள். ஆசிரியை பாடம் நடத்தும் நேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த இடத்தில், பிள்ளைகள் முன்பைவிடக் குறைவாகவே கற்றார்கள்! பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாக வைத்த இடத்தில், பின்தங்கிய பிள்ளைகள் தேறினார்கள். இயந்திரம் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. ஆசிரியைக்குத் துணையாக வைத்தால் உதவி, அவருக்குப் பதிலாக வைத்தால் நட்டம்!

செலவுக் கணக்கு

வதோதராவில் கம்ப்யூட்டர் திட்டத்துக்கு ஆண்டொன்றுக்குப் பிள்ளைக்கு 722 ரூபாய் ஆனது. அதே பிரதம் நடத்திய இன்னொரு திட்டத்தில், பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவர் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அமர்த்தித் தினமும் இரண்டு மணி நேரம் எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிள்ளைக்கு 107 ரூபாய்! முன்னேற்றம் கம்ப்யூட்டர் திட்டத்தைவிடக் குறைவுதான். ஆனால் செலவழித்த ரூபாய்க்குக் கிடைத்த பலனைப் பார்த்தால் இதுவே மேல். அன்றைய விலைவாசி வேறு; கம்ப்யூட்டரும் இன்று மலிந்திருக்கிறது. ஆனால் கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கும் வழக்கம் மட்டும் மாறக் கூடாது.

எனவே சகோதரர்களே, ஸ்மார்ட் போர்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்த முறை ரசீதுப் புத்தகம் உங்கள் கடைக்கு வரும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. இதை இயக்கப் பயிற்சி பெற்றவர் யார்?
2. பிள்ளைகள் தாங்களே தொட்டுப் பழகுவார்களா, அல்லது ஆசிரியை படம் போட்டுக்காட்ட, நாற்பது பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்களா?
3. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும், முன்னே ஓடும் பிள்ளைக்கும் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி அதில் இருக்கிறதா?
4. மூன்றாம் ஆண்டில் பழுதானால் பணம் எங்கிருந்து வரும்?

விடை இல்லையென்றால், அந்தப் பணத்தில் பாதியைத் திரைக்கும் பாதியைப் பள்ளி ஆசிரியையின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். கொடுப்பவர் கேட்டால் நிர்வாகம் கேட்கும்!

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வதோதராவில் பெட்டியைப் பிரித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். உங்களைப் போன்ற உள்ளூர்ப் பிள்ளைகள். கைப்பேசியில் நீங்கள் கரைக்கும் நேரத்தில் வாரம் இரண்டு மணி நேரத்தை உங்கள் தெருவின் தொடக்கப் பள்ளிக்குக் கொடுங்கள். எந்தத் திரையாலும் தர முடியாத ஒன்று, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கே தவறியது, பார்ப்போம்" என்று கேட்கும் மனிதர். அந்த மனிதராக நீங்கள் இருங்கள்.