போட்ட சாலையும் தோண்டும் கைகளும்

ஹைதராபாதிலோ செகந்திராபாதிலோ குடியேறி வாழும் தமிழர் பலரும் கண்டிருக்கக் கூடிய காட்சி ஒன்றை முதலில் நினைவூட்ட விரும்புகிறேன். நெடுநாள் குண்டும் குழியுமாகக் கிடந்த தெருவில் ஒரு நாள் ஜல்லி வந்து இறங்குகிறது. தார் ஊற்றப்படுகிறது, உருளை ஓடுகிறது. மாலையில் கரிய பட்டு விரித்தாற்போலத் தெரு பொலிகிறது. பத்துப் பதினைந்து நாட்கள் சென்றதும், ஒரு காலையில் அதே தெருவின் குறுக்கே கயிறு கட்டிப் பள்ளம் தோண்டுகின்றனர். குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டுமாம். அதை மூடிய சின்னாட்களில் மின்கம்பிக்கென மற்றொரு பள்ளம். பின்னர்த் தொலைபேசிக் கம்பிக்கென இன்னொன்று.

இதைக் காணும் நாம், "மூளையில்லாத வேலை" என்று சொல்லி அப்பால் நகர்கிறோம். ஆனால், தோண்டுகிறவர் மூடர் அல்லர். குழாய் பதிக்குமாறு அவருக்கு இட்ட பணியை அவர் செய்கிறார். சாலை போட்டவரும் தம் பணியைச் செய்தவரே. இருவரில் எவர் முந்துவது, எவர் பிந்துவது என்று வரிசை வகுத்து, அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் இல்லாமையே குறையாகும்.

இதனால் விளையும் கேடு கண்ணுக்குத் தெரிவதினும் பெரிது. ஒருமுறை தோண்டிய மண், முன்னிருந்த இறுக்கத்தைத் தானாகப் பெறுவதில்லை. அதனை மெல்லிய அடுக்குகளாக இட்டு, அளவாக நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். பள்ளத்தை ஒரே மூச்சில் மூடிவிட்டால், வண்டிகளின் பாரத்தாலும் மழையாலும் அது நாளடைவில் அமிழ்ந்து போகும். பழைய தாரும் புதுத் தாரும் கூடும் விளிம்பின் வழியே நீர் இறங்கும். நீரோ தாருக்குப் பகை. கல்லைப் பற்றியிருக்கும் தாரை அது விடுவித்து விடும். ஹைதராபாத் நகரம் கருங்கற் பாறையின் மேல் அமைந்தது. பாறையைப் பிளந்து பள்ளம் வெட்டி, அந்தக் கற்களையே கொட்டி மூடினால், இடையிலுள்ள வெற்றிடங்களில் நீர் தேங்கிச் சாலையை அடியிலிருந்தே அரிக்கும்.

இத்தகைய குழப்பம் இந்நகரின் தலைவிதி என்று கருதவேண்டுவதில்லை. 1908-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. அடுத்த ஆண்டு நிஜாம் அரசு பொறியியல் அறிஞர் விசுவேசுவரய்யாவை வரவழைத்தது. வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்று ஆராய வந்த அவர், அதனோடு நகரின் கழிவுநீர் வடிகாலையும் சேர்த்தே சிந்தித்தார். 1912-இல் நகர மேம்பாட்டு வாரியம் தோன்றியது. 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் நிறைவெய்தின. வெள்ளம், குடிநீர், சாக்கடை, தெரு ஆகியவை ஒன்றையொன்று தொட்டு நிற்பவை என்ற உணர்வு அன்று இருந்தது.

நகரம் பெருகியபோது பணிகள் பிரிந்தன. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் 1989-இல் தனி வாரியத்தின் பொறுப்பாயின. சுற்றியிருந்த 12 நகராட்சிகளை இணைத்து 2007-இல் பெருநகர மாநகராட்சி உருவாயிற்று. மின்சாரம் ஒரு நிறுவனத்திடம், தொலைபேசிக் கம்பிகள் பல நிறுவனங்களிடம், நெடுஞ்சாலைகள் வேறு துறைகளிடம் என்று பொறுப்புகள் பகுக்கப்பட்டன. இவ்வளவு பெரிய நகரில் பணியைப் பிரித்தது தவறன்று. பிரித்தவற்றைக் கோக்கும் நூல் இல்லாமற் போவதே தவறு.

சாலையின் நடுவே இருக்கும் பாதாளச் சாக்கடை மூடியை எண்ணிப் பாருங்கள். மூடி ஒரு துறைக்குச் சொந்தம். அதைச் சூழ்ந்த தார் மற்றொரு துறைக்குச் சொந்தம். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போடப் போடச் சாலை உயர்கிறது. மூடியோ இருந்த இடத்திலேயே இருந்துவிடுகிறது. அவ்விடத்தில் குழி உண்டாகிறது. மழைநாளில் நீர் நிறைந்து நிற்கும்போது, இரவில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும் ஒருவருக்கு அக்குழி தெரிவதில்லை. மூடியை உயர்த்த வேண்டியவர் யார் என்ற கடிதம் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்க, அவர் விழுந்து விடுகிறார்.

இக்கேட்டுக்கு மருந்து இல்லாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டின் இறுதியில், ஹைதராபாத் மாநகராட்சி சுமார் 709 கிலோமீட்டர் நீளமுள்ள முதன்மைச் சாலைகளை ஐந்தாண்டுக் காலப் பராமரிப்புக்காக ஒப்பந்த நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. போட்டுவிட்டுப் போகாமல், போட்டவரே ஐந்தாண்டுகள் காக்க வேண்டும் என்பது இதன் கருத்து. தன் உழைப்பை மற்றொருவர் வந்து வெட்டுவதைக் காவலுக்கு நிற்பவர் வாளா பார்த்திரார் அல்லவா?

இந்திய சாலைப் பேரவை, நகரச் சாலைகளில் குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் இடம் ஒதுக்கும் முறையை வழிகாட்டு நெறியாகவே வகுத்துத் தந்துள்ளது. ஜப்பானியர் 1963-லேயே ஒரு சட்டம் இயற்றி, சாலையின் அடியில் பொதுச் சுரங்கம் அமைத்து, எல்லாக் கம்பிகளையும் குழாய்களையும் அதனுள் செலுத்தும் ஏற்பாட்டைப் பரப்பினர். பழுதுபார்க்க இறங்குவோர் சாலையை வெட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில், திட்டமின்றித் தோண்டுவதால் ஆண்டுதோறும் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு நேர்வதாக மத்திய அரசே கணக்கிட்டது. 2023 மார்ச்சு மாதத்தில், தோண்டுமுன் நிலத்தடிக் கம்பிகளுக்கு உரியவரைக் கேட்டறிவதற்கெனக் கைபேசிச் செயலி ஒன்றையும் அது வெளியிட்டது. கருவி கைக்கு வந்துவிட்டது. கேட்கும் வழக்கம்தான் வளர வேண்டும்.

"நம் தமிழ்நாட்டில் இப்படி நடக்குமா?" என்று எவரேனும் பெருமூச்சு விடுவாராயின், அவருக்கும் ஒரு சொல். பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்பே புதுச் சாலை போட வேண்டும், வீடுகள் தெருவுக்குத் தாழ்ந்து போகலாகாது என்று 2021-இல் தமிழகத்தின் தலைமைச் செயலாளர் உத்தரவிட நேர்ந்தது. நோய் எங்கும் ஒன்றே. ஆதலால் ஊரைப் பழிப்பதில் பயனில்லை.

நம்மவரிடம் ஒரு தயக்கம் உண்டு. "நாம் பிழைக்க வந்தவர்கள், ஊர்க் காரியத்தில் நமக்கென்ன?" என்று ஒதுங்கி விடுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவரும் அந்த வாடகையின் வாயிலாக வீட்டுவரிக்குப் பங்கு தருகிறவரே. நம் குழந்தைகள் பள்ளிக்குச் செல்வதும் அதே சாலையில்தான். நாம் இங்கே விருந்தினர் அல்லர், குடிமக்கள்.

ஆகவே, உங்கள் தெருவில் ஜல்லி வந்து இறங்கும் அன்றைக்கே, நான்கு வீட்டார் கூடிச் சென்று ஒரு கேள்வி கேளுங்கள்: "குழாய் வேலையும் கம்பி வேலையும் முடிந்துவிட்டனவா? சாக்கடை மூடியை உயர்த்துவது யார்?" அண்டை வீட்டுத் தெலுங்கரையும் உருது பேசும் நண்பரையும் உடன் அழைத்துக் கொள்ளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். பிறகு எவரேனும் தோண்ட வந்தால், அனுமதிச் சீட்டைக் காட்டுமாறு பணிவோடு கேளுங்கள்; மூடிச் செப்பனிடும் நாள் எது என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

தார் காய்ந்த பின் எழும் நூறு முறையீடுகளைவிட, தார் ஊற்றுமுன் கேட்கும் இந்த ஒரு கேள்விக்கு வலிமை மிகுதி. பல துறைகளை ஒரே தெருவில், ஒரே நாளில் சந்திக்கச் செய்யும் ஆற்றல் அத்தெருவில் குடியிருப்போருக்கும் உண்டு. அதனைப் பயன்படுத்துவோமாக.