பஸ்ஸின் படியும் பழைய கர்மமும்

(ஆய்க்குடியில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்துக்குப் போகும் வழியைப் பற்றியதல்ல. ஆய்க்குடியிலிருந்து தென்காசிக்குப் போகும் வழியைப் பற்றியதேயாகும். மோட்சத்துக்கு வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் எல்லோரும் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

சில நாளைக்கு முன் நாம் ஒரு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். வழியில் ஓர் அம்மாள், நடக்க முடியாத தன் மகனை இடுப்பில் சுமந்துகொண்டு நின்றார். பையனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். இரண்டு பேர் இறங்கித் தூக்கி ஏற்றினார்கள். அதற்குள் “சீக்கிரம், சீக்கிரம்” என்று ஒரே கூச்சல். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்திலிருந்த நெற்றி நிறைய பூச்சுள்ள பெரியவர் ஒருவர், “பூர்வ ஜன்ம பாவம், என்ன செய்வது?” என்றார். அவர் கெட்டவர் அல்ல. பையனுக்குத் தன் இடத்தைக் கொடுத்தவரும் அவரே. ஆனால் அந்த ஒரு வார்த்தையால் பஸ்ஸைச் செய்தவன், வாங்கினவன், ஓட்டுகிறவன் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நின்றது அந்தப் பையன் ஒருவனே.

பூர்வ ஜன்ம பாவம் என்பதைக் கொஞ்சம் விசாரித்துப் பார்ப்போம். முன்பு நம் நாட்டில் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1995 முதல் நாடெங்கும் ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான அந்நோய்க் கிருமியால் ஒரு குழந்தையும் முடங்கவில்லை. 2014இல் உலக சுகாதார ஸ்தாபனமும் அதை ஒப்புக்கொண்டது. அப்படியானால் 2011க்குப் பின் பிறக்கிறவர்கள் யாரும் முன் ஜன்மத்தில் பாவமே செய்யவில்லையா? இரண்டு சொட்டு மருந்தில் கரைந்து போகிற பாவம் என்ன பாவம்? எமனுடைய கணக்குப் பிள்ளை அவ்வளவு ஏமாளியா?

இன்னொன்றும் கேட்கிறோம். நம் ஊர்ச் சுவாமியும் தானாக நடப்பதில்லை. தெருவுக்கு வரச் சப்பரமும் சுமக்க ஆட்களும் வேண்டும். அதைப் பார்த்து யாராவது “சுவாமியின் பூர்வ ஜன்ம பாவம்” என்கிறோமா? கல்லுக்கும் செம்புக்கும் வாகனம் ஏற்பாடு செய்யத் தெரிந்த நமக்கு, உயிருள்ள பிள்ளைக்கு ஒரு பலகை போடத் தெரியவில்லை என்றால் அது யாருடைய பாவம்?

தோழர்களே! இந்த ஆய்க்குடி, இந்த விஷயத்தில் வெளியூர்க்காரருக்குப் பாடம் சொல்லத்தக்க ஊர். 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள், 1981இல் இங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் படிப்பு, தொழில், சிகிச்சை எல்லாம் கொடுக்க முடியும் என்று இவ்வூரில் காட்டியாகிவிட்டது. ஆனால் படித்துத் தொழில் கற்ற பிள்ளை வேலைக்குப் போக வேண்டாமா? பஸ் படியிலல்லவா அவனுடைய படிப்பு நின்றுபோகிறது!

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையென்றார்கள். பின்னர் அதே ஆண்டில் ஊனமுற்றோருக்கும், உடன் வரும் ஒருவருக்கும் அச்சலுகை கிடைத்தது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் ஏற முடியாத பஸ்ஸில் இலவசப் பயணம் என்பது, எட்டாத கிளையிலுள்ள மாங்காயைத் தானம் செய்தது போலத்தானே? 2010இல் “மாற்றுத்திறனாளிகள்” என்ற பெயரில் தனி இலாகாவே வந்தது. பெயர் மாறிற்று, படி மாறவில்லை.

படி என்ன, பிரம்மா எழுதியதா? நகர பஸ்களுக்கு இந்திய சர்க்கார் வகுத்த அளவுத் திட்டத்தில் தளத்தின் உயரம் மூன்று வகை: 900 மில்லிமீட்டர், 650 மில்லிமீட்டர், 400 மில்லிமீட்டர். முதலாவது ஏறக்குறைய இடுப்புயரம். கடைசியானது முழங்காலுக்குக் கீழே. 400 மில்லிமீட்டர் பஸ்ஸில் ஒரு பலகையைச் சாய்த்தால் சக்கர நாற்காலி உருண்டு ஏறிவிடும். இப்படிப்பட்ட புதிய தாழ்தள பஸ்கள் சென்னையில் 2024 ஆகஸ்டில் விடப்பட்டன. ஆகவே தலைவிதி என்பது வெறும் 500 மில்லிமீட்டர் வித்தியாசம்தான்!

“கிராமத்து ரோட்டில் மேடும் பள்ளமும் வேகத்தடையும் இருக்கின்றனவே, தாழ்ந்த பஸ் தட்டாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் வழி இருக்கிறது. உயரமான பஸ்ஸிலேயே மின்தூக்கி வைக்கலாம், நிறுத்தத்தில் சாய்வுப் பாதையோடு மேடை கட்டலாம், ரோட்டையும் சீர்திருத்தலாம். ரோடு கெட்டிருக்கிறது என்பது ரோட்டைச் செப்பனிடக் காரணமே தவிர, மனிதனை வீட்டில் போட்டு வைக்கக் காரணமல்ல.

பஸ்ஸில் ஏறும் உரிமை நம் நாட்டில் தானாக வந்ததல்ல. ஆதிதிராவிடர்களை ஏற்றமாட்டோம் என்று மோட்டார் முதலாளிகள் சொன்ன காலம் ஒன்று இருந்தது. இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள், அப்படி மறுக்கும் பஸ்ஸுக்கு லைசென்ஸ் இல்லை என்று உத்திரவு போட்டார். எந்த சாஸ்திரமும் திறக்காத கதவை ஒரு உத்திரவு திறந்தது. அப்படியும் ஜாதிப் புத்தி போய்விடவில்லை. 1997இல் விருதுநகர்ப் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததற்காக, அந்தப் பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கலகம் மூண்டு, கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுக்க வேண்டியதாயிற்று. கால் இருந்தும் ஏறமாட்டேன் என்றவனுக்காக சர்க்கார் அவ்வளவு அசைந்தது. ஏற ஆசைப்பட்டும் முடியாதவனுக்காக எவ்வளவு அசைய வேண்டும்?

அமெரிக்காவில் 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்தார். மாண்ட்காமரி நகரத்துக் கறுப்பு மக்கள் 381 நாள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து வென்றார்கள். 1978 ஜூலையில் டென்வர் நகரத்தில் 19 ஊனமுற்றோர் சக்கர நாற்காலிகளுடன் பஸ்களை மறித்து இரவு முழுதும் நடுரோட்டில் கிடந்தார்கள். 1990இல் அந்நாட்டில் சட்டமே வந்தது. நமக்கும் 2016இல் சட்டம் வந்திருக்கிறது. போக்குவரத்து வசதி அதில் உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பிச்சையல்ல, உரிமை!

ஆகவே நாம் செய்ய வேண்டியது இதுதான். இந்தப் பகுதிக்குப் புதிய பஸ் வரும்போதெல்லாம், “சக்கர நாற்காலி ஏறுமா?” என்று பேரூராட்சியிலும் டிப்போவிலும் கலெக்டர் கச்சேரியிலும் கேளுங்கள். ஒருவர் கேட்டால் மனு. ஊரே கேட்டால் உத்திரவு.

நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். நாளைக் காலையில் ஒரு அளவுகோலை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் படியை அளந்து பாருங்கள். பூர்வ ஜன்மத்தை அளக்க யாரிடமும் கோல் இல்லை. படியை அளக்க எல்லோரிடமும் இருக்கிறது. அளக்கக் கூடியதை மாற்றவும் கூடும்.